விளம்பரம் வராத மழை

இதழினிக்கு மழை பிடிக்கும் என்று
ஆவணிக் கடைசியில்தான் தெரிந்தது.
அதுவரைக்கும்
ஜார் வைக்காத மிக்சியைச் சும்மா ஓட்டினோம்,
ஃபேனைச் சுவரைப் பார்க்கத் திருப்பினோம்,
இவர் டிவிஎஸ் வண்டியைக் கதவோரம் நிறுத்தி
பெட்ரோல் தீரும்வரை உறுமவிட்டார்.
மூன்று மாசப் பிள்ளை, முஷ்டி மடக்கி,
ஊதியூர் மலைக்கே கேட்கும்படி கத்தினாள்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் ரமாபிரபா
என் போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள்.
"வெள்ளை இரைச்சல்னு பேருங்க்கா.
வயித்துக்குள்ள கேட்ட சத்தமாட்டவே இருக்கும்.
தூரியை விட்டுத் தள்ளி வையுங்க,
மெதுவா வையுங்க."
அருவி இருந்தது, ரயில் இருந்தது,
தலைமுடி காயவைக்கிற மிசின்கூட இருந்தது.
தகரத்தில் பெய்யும் மழைக்குத்தான்
சீலைத் தூரிக்குள் அந்த முஷ்டி விரிந்தது.

நாங்கள் குடியிருப்பது கொப்பரைக் களத்தில்.
முக்கால் ஏக்கர் சிமெண்ட் தரை,
காங்கேயத்து வெயிலுக்கு வாய் திறந்து
மல்லாந்து கிடக்கும் தேங்காய் மூடிகள்.
மழை என்றால் படுதா. படுதா என்றால் ஓட்டம்.
எட்டு வருசமாக எங்கள் கால்களுக்கு
மூளையைக் கேட்காமல் தெரிந்த ஒரே வேலை.

முதல் ராத்திரி,
போனில் மழை தொடங்கியதும் இவர் ஓடிவிட்டார்.
வெளியே நிலவு பால்போல் அடித்தது.
களத்து நடுவில் படுதா முனையைப் பிடித்தபடி
மானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்,
வேட்டி அவிழ்ந்தது தெரியாமல்.
விழுந்து விழுந்து சிரித்தேன்.
மறுநாள் நான் ஓடினேன்.

அரைமணிக்கு ஒருதரம் மழை நிற்கும்.
ஒருத்தி வந்து தங்கநகைக் கடனுக்குக் கூப்பிடுவாள்.
இதழினி சிணுங்குவாள்.
மறுபடி மழை; மறுபடி எங்கள் கால் துடிக்கும்.
புரட்டாசி பூராவும்
ஓடாமல் படுத்திருக்கப் பழகினோம்.
இருட்டில் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து,
"போன்தானுங்."
"போன்தான். படு."

ஐப்பசி எட்டு.
பிள்ளை பெற்ற பிறகு அப்படி நான் தூங்கியதில்லை.
மழை பெய்துகொண்டே இருந்தது.
கனவில்கூட யாரிடமோ போன்தான் என்றேன்.
எத்தனை நேரமோ,
என்னமோ ஒன்று குறைகிறதே என்று விழிப்புத் தட்டியது.
அந்தக் கடன்காரி இன்னும் வரவில்லை.

கைநீட்டிப் போனைத் தொட்டேன்.
சார்ஜ் தீர்ந்து சில்லென்று கிடந்தது.

ஏனுங்க,
என்று மட்டும்தான் சொன்னேன்.

பாதியை மூடினோம். பாதி மிதந்தது.
திரும்பி வந்து தலையைத் துவட்டும்போது பார்க்கிறேன்,
தூரி அசையக்கூட இல்லை.
அவளுக்கு எந்த மழையானால் என்ன.

விடிந்ததும் பண்ணாடி வந்தார்.
ஒரு கொப்பரையை எடுத்து வளைத்தார், மோந்தார்,
பூஞ்சணம் பிடிக்கப்போகிற விலையை
மனசுக்குள் கழித்தார்.
"இத்தனை பேஞ்சிருக்குது,
சத்தம் ஒருத்தருக்குமா கேக்கல?"
இவர் என்னைப் பார்த்தார்.
"கேட்டுதுங். கேட்டுக்கிட்டேதான் இருந்துதுங்."
கூலியில் நாலாயிரம் பிடித்துக்கொண்டார்.

இப்போது கடல் வைக்கிறோம்.
மூன்று ராத்திரி சண்டை போட்டாள்,
நாலாம் நாள் ஒத்துக்கொண்டாள்.
கடலுக்குக் காங்கேயத்தில்
யாரும் படுதா தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.
இவர் குறட்டை விடுகிறார்.

நான் கடலைப் பார்த்ததில்லை.
ஆனால் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்:
ஒரு அலை திரும்பிப் போனதற்கும்
அடுத்தது வருவதற்கும் நடுவில்
மூச்சு வாங்குகிற அளவு ஓர் இடைவெளி உண்டு.
அந்த இடைவெளியில்
தலையைக் கொஞ்சம் தூக்கி
கூரை அட்டையைக் கேட்டுக்கொள்கிறேன்.