நூற்றுக்கு ஏழு

கச்சான் நின்றுபோன மத்தியானம்.
மண்டபம் தெற்குத் துறையில்
ஒரு படகின் கொடியும் அசையவில்லை.

ஐஸ் பிளாண்டில் இரண்டாம் கம்ப்ரஸர்,
வால்வுக் கழுத்தில் கசிவு.
முதலில் அறிந்தது மீட்டர் அல்ல,
கட்டி உடைக்கும் நம்புச்செல்வியின் கண்.
"அண்ணே, காந்துது" என்றாள்,
ஈரத்துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டே.

முறுக்கி அடைத்துவிட்டு ஓடினேன்.
வாசல் நாற்பது தப்படி.
நெடி எனக்குப் பின்னால்தான் வந்தது
ஆடி அசைந்து,
இபுராம்சா டீக்கடையில் யாரோ
டம்ளரைப் பாதியில் வைக்கும்வரை.

இத்தனைக்கும்
அமோனியாவின் ஒற்றை மூலக்கூறு
முப்பத்தாறு டிகிரி வெக்கையில்,
எதிரே ஒருத்தரும் இல்லையென்றால்,
பாம்பன் பாலத்தை
மூன்று எண்ணி முடிப்பதற்குள் கடந்துவிடும்.
(ரயில் அங்கே ஊர்கிறது. அது வேறு கதை.)
எதிரே இருப்பவர்களோ கோடானுகோடி.
இடித்து, திரும்பி, மறுபடி இடித்து,
ஏர்வாடி சந்தனக்கூடு நெரிசலில்
கைவிட்டுப்போன பிள்ளை மாதிரி
ஓட்டத்துக்குக் குறைவில்லை,
போய்ச் சேர்வதுதான் இல்லை.

அன்றிரவு ஷிப்டில்
லாக் புக்கின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
வெளியே முப்பத்தாறு.
உப்புத்தண்ணித் தொட்டியருகே மைனஸ் எட்டு.
வேகம் பாதியாவது குறையும் என்றுதான் நினைத்திருந்தேன்,
பத்தொன்பது வருஷமாக.

நாம் எண்ணத் தொடங்குவது தண்ணீர் உறையும் இடத்தில்.
அவற்றின் பூஜ்யம்
அதற்கும் கீழே
இருநூற்று எழுபத்து மூன்று படி.
அங்கே நின்று அண்ணாந்தால்
முந்நூற்று ஒன்பதும் இருநூற்று அறுபத்தைந்தும்
அடுத்தடுத்த வீடு.
அதற்கும் வர்க்கமூலம் வேறு.

நூறு ஓடியது
தொண்ணூற்று மூன்று ஓடுகிறது.
அவ்வளவுதான்.

இந்தக் கரண்ட் பில், இந்த இரைச்சல்,
கேட்காமல் போன என் இடது காது,
எல்லாம் அந்த ஏழுக்கு.

விடியக்காலம் வண்டி வந்தது.
நம்புச்செல்விக்குக் கண் இன்னும் சிவப்பு.
சொன்னேன்.
கட்டியை உருட்டித் தள்ளியபடி கேட்டாள்:
"அந்த ஏழு குறையலன்னா மீனு?"
"பொழுது சாயுமுன்ன நாறிடும்."
"அப்ப என்ன, ஏழு போதும்ல."

நகரைக் கூடைகளின் மேல்
நொறுங்கிய ஐஸை வாரி இறைத்தாள்.
தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போதே
ஓரத்தில் முதல் சொட்டு.
மதுரைக்கு நாலு மணி நேரம்.
ஏழு
அதற்குள் திரும்பக் கிளம்பியிருந்தது.