இருபத்திரண்டு

ஒட்டுசுட்டான் தாண்டி
முத்தையன்கட்டு வாய்க்கால் ரோட்டில்
ஐம்பத்தாறு லீற்றர் பாலோடு
படுத்துவிட்டது.

உதைத்தேன். இருமியது.
சோக்கைத் திறந்து உதைத்தேன், மூடி உதைத்தேன்.
பிளக்கைக் கழற்றினால் கறுத்து நனைந்திருந்தது.
காபரேற்றரின் அடிக்குழாய்
சொட்டுச் சொட்டாய்ப் புழுதியில்
என் காசை ஊற்றிக்கொண்டிருந்தது.

நேரம் ஆறு நாற்பது. எட்டுக்குள்
பால் நிலையத்து வாசலில் நிற்க வேண்டும்.
பிந்தினால் வெயிலைக் கேட்க மாட்டார்கள்,
என்னைத்தான் கேட்பார்கள்.

மரியசீலியின் தேத்தண்ணிக் கடை வரைக்கும் தள்ளினேன்.
அடுப்புக்குத் தள்ளி, வாங்கின் நுனியில்
கோப்பையைக் கழற்றி வைத்தேன்.
அடியில் ஒரு சிட்டிகை மணல்.
ஜெற்றைத் தங்கூசியால் குத்தி
ஊதி, வெளிச்சத்துக்குப் பிடித்தேன்:
ஊசிமுனையளவு வானம் தெரிந்தது.
அதில்லை வருத்தம்.
ஊசி வால்வை உதட்டில் வைத்து உறிஞ்சினேன்,
கவ்விப் பிடித்தது.
அதுவுமில்லை.

பித்தளை மிதவையைக் காதடியில் குலுக்கினேன்.
தளக் தளக்.
மிதக்க வேண்டியது
குடித்துவிட்டுக் கிடந்திருக்கிறது.

"சுடுதண்ணி ஒரு கிளாஸ் தாங்கோ அக்கா."
"சாயம் விடவோ?"
"வேண்டாம். இதைப் போடப்போறன்."

அமிழ்த்திப் பிடித்தேன்.
பொருத்தின் ஓரத்தில் ஒரு குமிழி.
இன்னொன்று. பிறகு சரம் சரமாய்.
மரியசீலி குனிந்து பார்த்தாள்.
"மூச்சு விடுதடி."

குமிழி வந்த இடத்தில்
ஏற்கெனவே ஈயம் இருந்தது.
பெருவிரல் நகமளவு, கரடுமுரடாய்,
நெருப்பில் காய்ச்சிய கம்பியால் இழுத்தது மாதிரி.
கரண்ட் இல்லாத காலத்து வேலை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில்
துருக்குவியலில் இருந்து
நிறுவைக் கணக்கில் வாங்கிய வண்டி இது.
மண்ணெண்ணெயில் ஓடியதென்று
சைலன்சரின் கரியே சொன்னது.
சூப்பிப் போத்தலால் பெற்றோல் பீச்சிக் கிளப்ப
காற்றுப் பெட்டியில் ஒரு துளையும் இருந்தது.
நம்பர் தகடு இருக்கவில்லை.

பக்கத்துக் கொட்டிலில் போன் திருத்தும் கஜரூபன்
ஈயக்கோலை நீட்டப் பயந்தான்.
"மணக்குது, வெடிச்சால்?"
துளையைக் கீழே பிடித்து
சுடுதண்ணிக் கிளாஸ் மூன்று மாற்றி
கடைசிச் சொட்டு வரைக்கும் கக்க வைத்தோம்.
வெயிலில் காய வைத்தோம்.
கொஞ்சமாய் வை என்றேன்.
கொஞ்சம்தான் வைத்தான்.

கொம்பனி அளவு இருபது மில்லிமீற்றர்.
மரியசீலியின் மகளுடைய அடிமட்டத்தால்
மிதவையின் உயரம் பார்த்தேன்.
இருபது. பிழையில்லை.
பூட்டினேன்.
திரும்பவும் சொட்டியது.

பால்கானைத் தொட்டுப் பார்த்தேன்.
இளஞ்சூடு.

கோப்பையை மறுபடி கழற்றி, கோபத்தில்
அடிப்பிசினைச் சீலையால் அழுத்தித் துடைக்கையில்,
இத்தனை வருசம் சிராய்ப்பு என்று நினைத்திருந்தது
எழுத்தாய் வந்தது.
ஆணியால் கீறிய 20.
குறுக்கே வெட்டு.
பக்கத்தில் 22.

ஒட்டினால் பாரம் கூடும்.
பாரம் கூடினால் தாழும், வால்வு பிந்தி மூடும்.
முகமறியாத ஒருவர் இதை
எந்தப் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் இருந்து
அளந்தாரோ.

குறட்டால் மிதவையின் நாக்கை வளைத்தேன்.
இருபத்திரண்டு. சொட்டு குறைந்தது, நிற்கவில்லை.
இப்போது கஜரூபனின் ஈயமும் சேர்ந்திருக்கிறதே.
மயிரளவு.
இன்னும் ஒரு மயிரளவு.
இருபத்திமூன்றரை.

குழாயின் நுனியைப் பார்த்துக்கொண்டு
நான்கு பேர் வாய் பேசாமல் நின்றோம்.
விளையாட்டைப் பார்ப்பது போல.

22க்குக் குறுக்கே கோடு போடவில்லை.
கீழே என்னுடையதைக் கீறினேன்,
திருகாணி முனையால்,
அவசரத்தில் மூன்று கோணலாய்.

இரண்டாவது உதைக்குப் பிடித்தது.

நிலையத்தில் ஒன்பது பத்து.
சோதனைக் குழாயில் ஒரு கானின் பால் திரைந்தது.
பதினான்கு லீற்றரைத் திருப்பிவிட்டார்கள்.
வேலாயுதபிள்ளையின் மாட்டுப் பால்,
அவருக்கு நான்தான் கொடுக்க வேண்டும்.

திரும்பும் வழியில் மரியசீலி
அரை விலைக்கு வாங்கிக்கொண்டாள்.
நாலு கிளாஸ் சுடுதண்ணிக்குக்
கணக்கு எழுதியிருந்தாள்.