சித்தியடையவில்லை

எட்டரைக்குத்தான் கேற் திறப்போம்.
ஏழு மணிக்கே வரிசை,
கன்னியா வீதி வளைவு வரைக்கும்.
எல்லோரும் சைக்கிளைக் கழுவிக்கொண்டு வருகிறார்கள்.
கழுவினால் பிறேக் பிடிக்கும் என்று
யார் சொல்லிவைத்தார்களோ.

என் வேலை சின்னது.
தட்டுவேன், ஆட்டுவேன், குனிந்து பார்ப்பேன்,
பலகையில் செருகிய தாளில் நீலக் கோடு இழுப்பேன்.
தாளின் அடியில் இரண்டே சொல்:
சித்தி. சித்தியடையவில்லை.
காட்டில் ஒற்றைக் காலில் நின்று முனிவர்கள் பெற்றதை
இங்கே ஸ்டாண்டில் சாய்ந்து நின்று கேட்கின்றன
நூறு சீசீ வண்டிகள்.

வாடை அடித்து ஓய்ந்த மாசியில்
ஸ்டாண்டும் நிற்காது. ஸ்பிரிங் அறுந்திருக்கும்.
சைலன்சரைத் தொட்டால் துரு
கையோடு வரும், கருவாட்டுச் செதில் மாதிரி.
கடற்கரைச் சைக்கிளை நான் பார்க்க முன்பே
உப்பு பார்த்துவிடுகிறது.

இன்றைக்கு முதல் ஆள் மரியநாயகம், உப்புவெளி.
பின்னால் மீன்பெட்டி.
பெட்டியின் ஓட்டைக்கு நேர்கீழே பின்சில்லு.
பன்னிரண்டு வருட ஐஸ் தண்ணீர்
சொட்டுச் சொட்டாய் இறங்கிய இடம்.
மிதித்தேன். மிதி போய்க்கொண்டே இருந்தது,
தண்ணீர் தட்டாத கிணற்றில் விட்ட வாளியைப்போல.
"எப்படி நிற்பாட்டுறீங்கள்?"
"நான் எங்க நிற்பாட்டுறன்.
மீன் வாங்கிறவைதான் நிற்பாட்டுறவை."
கோடு.

கிண்ணியா முஸம்மிலின் ரயர்
அவனுடைய வாப்பாவின் தலையைவிட வழுக்கை.
புதுசு கொழும்பில் இருந்து வருகிறதாம்.
போன வருடமும் வந்துகொண்டுதான் இருந்தது,
ஹபரணையைத் தாண்டவில்லைபோலும்.

ரஞ்சிதமலர் ரீச்சரின் ஸ்கூட்டியில்
எல்லாம் சரி. ஹோர்ன் சரி, சிக்னல் சரி,
கண்ணாடி இரண்டும் இல்லை.
உடைந்ததா?
கழற்றினேன் என்றா.
மடத்தடிச் சந்தியில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும்
அதில் ஒரே முகம் வருகிறதாம், ஒவ்வொரு நாளும்.
'கண்ணாடி இல்லை' என்று எழுத
தாளில் ஒரு பெட்டி இருக்கிறது.
அந்த முகத்துக்கு எங்கே கோடு போடுவது?
பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு, தம்பலகாமத்துத் தர்மிகன்.
முன் லைற் வானத்தைப் பார்த்தபடி.
"என்ன தம்பி, வெள்ளி எண்ணவோ?"
"யானைக்கு, சேர்.
றோட்டைப் பார்த்து விட்டால் கால்தான் தெரியும்.
கால் தெரியிற நேரம் காணாது."
விதி சொல்கிறது: ஒளி கீழே விழவேண்டும்,
எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது.
எதிரே வருபவர் யார் என்று விதி விசாரிக்கவில்லை.
அவனே ஸ்பானரை வாங்கி இறக்கினான்.
சித்தி.
கேற்றுக்கு வெளியே அவன் திரும்பவும் குனிந்தது
எனக்குத் தெரியாது. நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்குப் பூட்டிவிட்டு
பஸ் நிலையப் பக்கத்தால் வந்தேன்.
நடுறோட்டில் மான்கள் படுத்திருந்தன,
வரி கட்டியவைபோல, அசையாமல்.
ஒன்று வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு
என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தது.
சட்டென்று பிடித்தேன். பிடித்தது.

பின்னால் செருப்புத் தேய்கிற சத்தம்.
இரண்டு காலையும் தாரில் ஊன்றி இழுபட்டு வந்து
என் சில்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றார்
மரியநாயகம்.
மூச்சு வாங்கியது அவருக்கு.
"சேர், உங்கட பின் சிவப்பு லைற்
எரியேல்லை."

புதன்கிழமையில் இருந்து எரியவில்லை.
மீன் முடிஞ்சுதோ என்று கேட்டேன்.
கொஞ்சம் சூடை கிடக்கு என்றார்.