கழித்ததற்கான காரணம்

பதினேழாம் இலக்க அங்கியின் தையலைப் பிரித்தேன்.
உள்ளே மஞ்சள் துணி, அடுக்கடுக்காய்,
பழைய கடதாசிக் கட்டுப்போல.
களஞ்சியத்துக் கத்தரிக்கோல் அதை மென்றது,
வெட்டவில்லை.

கட்டைபறிச்சான். கண்ணிவெடி அகற்றுவோர் முகாம்.
கச்சான் காற்று தகரக் கூரையை உலுப்புகிறது.
மேசையில் ஒரு சுருள்தராசு,
மூதூர் இறங்குதுறையில் மீன் நிறுக்கிற
நௌசாத்திடம் இரவல் வாங்கியது.
கொக்கியில் இன்னும் சூரை வாசம்.

முதலில் ஒன்பதாம் இலக்கம்:
வயதுபோய்க் கழித்தது, ஒருநாளும் கழுவாதது.
ஓரத்தில் ஒரே ஒரு நூலைத் தெரிந்து
கொக்கியில் முடிந்து இழுத்தேன்.
வரமாட்டேன் என்றது.
குறுக்கே போகிற ஒவ்வொரு நூலும்
அதன் தோளைப் பிடித்து மறித்தது.
துணி முழுவதும் சுருங்கி என் பக்கம் வந்தது.
முள் ஏறி, ஏறி, நடுங்கி,
பல்லி சொன்னதுபோல ஒரு சின்னச் சத்தம்.
மயிரளவு வழுக்கியது.
மறுபடி பிடித்துக்கொண்டது.

இப்போது பதினேழு.
முள் அசையவேயில்லை.
இடியப்பத்தில் ஓர் இழை எடுத்ததுபோல
கையோடு வந்தது.
அறாத நூல். உரம் குறையாத நூல்.
பிடிக்க மட்டும் மறந்துபோயிருந்தது.

பஸ்மிலா கதவடியில் நின்றாள்.
"வேர்வை மணம் தாங்கேலாமல்
உறையைப் பிரிச்சு எடுத்து ஊறப்போட்டன் அக்கா.
பிள்ளைட சட்டைக்கு ஊத்துற அந்த
ரோஸ் போத்தல் தண்ணிதான்.
நல்லாப் பூப்போல வந்திச்சே."

பூப்போலத்தான் வந்திருந்தது.

பறந்து வருகிற இரும்புத் துண்டு
நூலை அறுக்க மெனக்கெடாது.
இரண்டு நூலுக்கு நடுவில் வழி கேட்கும்.
இவை விலகி நின்று
வழி விட்டிருக்கும்.

பஸ்மிலாவுக்கும் கோகிலவதனிக்கும்
சீட்டுக்காசுச் சண்டை; மூன்று மாதமாய்ப் பேச்சில்லை.
வேலை பக்கத்துப் பக்கத்துப் பாதையில்.
ஒருத்தி சிவப்பு நாடாவைத் தள்ளிக் கட்டினால்
மற்றவள் விசில் அடிப்பாள்.
ஒருமுறைகூட விட்டதில்லை.
இருவரையும் வேறுவேறு அணியில் போடக்
கடிதம் எழுதச் சொன்னார் மேற்பார்வையாளர்.
எழுதவில்லை.

நூலைப் பார்த்து முடிவெடுத்தேன் என்று
யாரும் கதை கட்டவேண்டாம்.
நூலுக்குச் சீட்டுக்காசு இல்லை.
தலைப்பிட்ட தாள் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேரேட்டின் கடைசிக் கட்டம்:
கழித்ததற்கான காரணம்.
கிழிவு, வெயில், எரிவு, எலி.
மேலே எல்லாம் என் கையெழுத்து.
பேனையைக் கொஞ்சநேரம் தூக்கியே வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
மிருது.

சுற்றிவைத்த நூல் இறுகிப்
பெருவிரல் நகம் வெளுத்திருந்தது.
கத்தரிக்கோலைத் தேடவில்லை.
பல்லால் கடித்தேன்.
அறவில்லை.

வாய் முழுக்க ரோசாப்பூ.