உயரத்தின் கைமாற்று

ஹௌகாஸ்தோலில் தடுப்புக் கம்பி இறங்கிவிட்டது.
மேலே புயல். பனிவாரி வண்டி வந்து
வரிசை கட்டி அழைத்துப்போகும் வரை
ஒருவரும் நகரக்கூடாது,
தானே ஓடுகிற கார் உட்பட.

காருக்கு இது புதிது.
ஐட்ஃபியோர் வரைக்கும் சாலையை மனப்பாடம் செய்திருந்தது.
எந்த வளைவில் எத்தனை சரிவு,
எந்தச் சுரங்கத்துக்குள் தார் காய்ந்திருக்கும், எல்லாம்.
அந்தப் பக்கம் ஆயிரத்து இருநூறு மீட்டர் இறக்கம்
அள்ளிக் கொடுக்கும் என்று நம்பி
ஏறும்போதே பேட்டரியைக் காலிசெய்துகொண்டு வந்தது.
நிறைந்த குடத்தில் யார் ஊற்றுவார்கள்?
அந்த வரியை எழுதியவள் நான்தான்.
பெட்ரோலுக்கு ஒரு விலை, மின்சாரத்துக்கு ஒரு விலை,
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
நான்கு குளிர்காலம் அதையேதான் திருத்திக்கொண்டிருந்தேன்.

காத்திருப்பதற்கு மட்டும் விலை வைக்கவில்லை.

வெளியே மைனஸ் பதினான்கு. உள்ளே பன்னிரண்டு சதவீதம்.
இருபதாவது நிமிடம் திரை கேட்டது:
பின்னிருக்கையில் யாருமில்லை, சூட்டைக் குறைக்கவா?
குறை என்றேன்.
முப்பத்தைந்தாவது நிமிடம்:
முன்னிருக்கையில் ஒருவர். சூட்டைக் குறைக்கவா?
என் செலவுப் பட்டியலில் நானும் ஒரு வரி
என்று அப்போதுதான் பார்த்தேன்.
வேண்டாம் என்றதும்
எஞ்சின் ஒருமுறை செருமிக்கொண்டு விழித்தது,
இரவில் எழுப்பப்பட்ட மாமனாரைப் போல.

கண்ணாடியில் தட்டல்.
ஆரஞ்சுச் சட்டைக்காரர். மீசையில் பனி.
"பின்னால் ஒரு மின்சாரக் கார், ஆறு சதவீதம்தான்.
அதை மேலே விடமாட்டேன்.
அந்த மூன்று பேரையும் ஏற்றிக்கொள்கிறீர்களா?"

மூன்று பேர் மட்டுமா?
துர்யெய்ர், அவர் அக்கா ஸிக்னே, பையன் ஐலேவ்,
பிறகு கன்றுக்குட்டியைப் போல் கைத்தாங்கலாக
கறுப்புப் பெட்டியில் ஒரு ட்யூபா.
ஏழு மணிக்கு ஐட்ஃபியோர் பள்ளியில் வாத்தியக் கச்சேரி.
ட்யூபா இல்லாமல் மற்றவர்கள் எங்கே கால் ஊன்றுவார்கள்
என்று ஸிக்னே என்னிடமே நியாயம் கேட்டாள்.

கூடுதல் எடை இருநூற்று ஐம்பது கிலோ.
கார் ஒன்றும் சொல்லவில்லை.
போகக்கூடிய தூரத்தை மட்டும் சிவப்பாக்கிக் காட்டியது.

வரிசை நகர்ந்தது.
முன்னே மஞ்சள் விளக்கு, அதன் பின்னே மீன் லாரி,
அதன் பின்னே நாங்கள். எல்லாம் ஒரே வெள்ளை.
கோடு தெரியவில்லை, குச்சிகள்தான் தெரிந்தன.
"இப்போ யார் ஓட்டுறாங்க?" என்றான் ஐலேவ்.
மடியில் கிடந்த என் இரண்டு கைகளையும் காட்டினேன்.
அவனும் தன் கைகளைக் காட்டினான்.
துர்யெய்ர் கண்ணை மூடிக்கொண்டார்.

தீரானூத் தாண்டியதும் எஞ்சின் ஓய்ந்தது.
மோபோ பள்ளத்தாக்கில் சாலை
மலைக்குள் புகுந்து சுழன்று சுழன்று கீழே விழுகிறது.
பிரேக்கைத் தொடவில்லை.
சக்கரம் சுற்றியது, மோட்டார் பிடித்து வைத்தது,
எண் ஏறியது: பதினைந்து. இருபத்திரண்டு.
பையன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான்.

புறப்படும்போது கார் போட்ட கணக்கு முப்பத்தொன்று.
ஃபியோர் கரையில் நின்றபோது முப்பத்துநான்கு.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது?
பதிவேட்டில் எழுதப்போய்க் கை நின்றது.
கடல் மட்டத்திலிருந்து ஹௌகாஸ்தோல் வரை
இவர்களைத் தூக்கிக்கொண்டு ஏறியது அந்தக் கார்.
தன்னிடம் இருந்ததை எல்லாம் செலவழித்து
ஆறு சதவீதத்தோடு நின்ற கார்.
செலவானது தொலையவில்லை.
மூன்று உடம்பிலும் ஒரு பித்தளையிலும்
உயரமாக உட்கார்ந்திருந்து
என் பேட்டரியில் வந்து இறங்கியிருக்கிறது.

பள்ளி வாசலில் துர்யெய்ர் பணப்பையை எடுத்தார்.
"பெட்ரோலுக்கு நாங்கள் எவ்வளவு தரவேண்டும்?"
"நான்தான் உங்களுக்குத் தரவேண்டும்" என்றேன்.
மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து
கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

உள்ளே எங்கோ ட்யூபா
ஒரே ஒரு சுரத்தை ஊதிப் பார்த்தது.
கார் கேட்டது: பின்னிருக்கையில் யாருமில்லை.