முழங்கை

வியாழக்கிழமை தோறும்
நாகர்கோவிலில் இருந்து
மடிக்கணினியோடு பஸ் ஏறுகிறேன்.
மருந்து எழுதத் தெரியாது எனக்கு.
மருந்து எழுதுகிறவர்களைக்
கட்டுரை எழுத வைப்பது என் வேலை.

குறும்பனை ஆஸ்பத்திரியில்
டாக்டர் பென்சிகர்
நூற்றுப் பத்தாவது நோயாளியை அனுப்பிவிட்டு
"இந்த வாரமும் ஒரு வரி வரல்ல" என்பார்,
வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
ஊசி போடும் அறையிலேயே கதவைச் சாத்தி
இருபது நிமிஷம், செல்போன் டிராயருக்குள்.
அப்படித்தான் மூன்று மாதத்தில்
முன்னுரை வந்தது.

தரவு மட்டும் முன்பே இருந்தது.
டெல்ஃபின் சிஸ்டரின் நீள நோட்டு:
பதினோரு வருஷம்,
கெளுத்தி முள் குத்தி வந்தவர்கள் அறுநூற்று நாலு பேர்,
எந்தக் கை, எந்த விரல்,
சுடுவெள்ளத்தில் எத்தனை நிமிஷம்,
வலி எப்போது விட்டது.
ஓரங்களில் கணக்கில் சேராதவை:
"பாவம், நாளைக்குக் கல்யாணம்."
"கூலி போச்செண்ணு அழுதான்."
இவற்றுக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.
தாண்டிப் போகவும் விரல் வரவில்லை.

முதல் இதழ் இரண்டே நாளில் திருப்பியது.
அடுத்தது ஏழு மாதம் வைத்திருந்து
ஒரே ஒரு கேள்வி கேட்டது:
தண்ணீரின் வெப்பநிலையை அளந்தது எப்படி?

கச்சான் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது.
"நாப்பத்தஞ்சு டிகிரி எண்ணு போட்டுருவோம்.
எல்லாரும் அப்பிடித்தான போடுதாவ" என்றார் டாக்டர்.
நான் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தேன்.

சிஸ்டரைக் கூப்பிட்டோம்.
டெட்டால் மணக்க வந்து நின்று
கேள்வியை இரண்டு தரம் கேட்டு
இடது சட்டைக்கையை மடக்கிக் காட்டினார்:
"இதுதான் சார். முழங்கை.
எனக்குப் பொறுக்குமெண்ணா அவனுக்கும் பொறுக்கும்."
அங்கே தோல் கொஞ்சம் கருத்திருந்தது.

முறைகள் என்ற தலைப்பின் கீழ்
அதை அப்படியே எழுதினோம்:
வெப்பமானி பயன்படுத்தப்படவில்லை.
செவிலியர் தம் முழங்கையால் சோதித்தார்.
குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழும்
அதையேதான் எழுதினோம்.

ஆசிரியர் வரிசையில் டாக்டர்
தன் பெயரை வெட்டி
இரண்டாவதாக ஒட்டினார்.
"எனக்க பேரு எதுக்கு? பட்டம் கேப்பாவளே."
பட்டம் கேட்ட கட்டத்தில்
செவிலியர் என்று நிரப்பினேன்.

அனுப்பும் பொத்தானை அவரே அமுக்கட்டும்
என்றிருந்தோம். அதற்குள் வாசலில்
உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு ஒரு பையன்.
அறுநூற்று ஐந்து.
கெட்டில் இரைந்தது. வாளியில் ஆவி.
முழங்கையை முக்கினார்.
பிறகு எங்கள் பக்கம் திரும்பி,
நேற்று வாங்கி உறை பிரிக்காமல் கிடந்ததைக் காட்டி,
"அந்தக் கம்பையும் இங்க தாங்க" என்றார்.