கொட்டை என் பங்கு

இஸ்ஃபாராவில் எல்லாரும்
மினுங்கும் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டைத்தான்
விருந்தாளிக்கு வைப்பார்கள்.
எனக்கு அது பிளாஸ்டிக்.
கந்தகப் புகை காட்டாமல்
கூரையில் கிடந்து கறுத்தது வேண்டும்,
செருப்புத் தோல் மாதிரி.
அதுவும் சதைக்காக இல்லை.

சதை பக்தோவருக்கு.
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
மூன்று கோப்பைத் தேநீர் தீரும்வரை
கடிக்கமாட்டான்.
பிறகு கொட்டையை என் பக்கம் உருட்டுவான்,
எச்சில் ஈரத்தோடு.
முதல் வருடம் குமட்டியது.
அப்புறம் சுத்தியலைக்
கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன்.
உடைத்தால் உள்ளே பருப்பு,
கடைசியில் கொஞ்சம் கசக்கும்,
அந்தக் கசப்புக்காகத்தான் இவ்வளவும்.

இப்போது அவன் நோவோசிபிர்ஸ்கில்
செங்கல் அடுக்குகிறான்.
நான் சதையைப் பிய்த்துப் பிய்த்துக்
கிண்ணத்தில் போடுகிறேன்.
ஜைனுராவின் ஆடு
வேளை தவறாமல் வந்துவிடுகிறது.

நேற்று வீடியோவில்
ஜன்னல் விளிம்பைக் காட்டினான்.
ஊறுகாய் பாட்டில் கழுத்துவரை கொட்டைகள்.
பின்னால் பனி.
"உடைத்துத் தின்னேன்,
சுத்தியலா இல்லை அங்கே?"
"கொத்தனாரிடம் கேட்கிற கேள்வியா இது?"

எண்ணு பார்க்கலாம் என்றேன்.
பாயில் கொட்டி
ஒவ்வொன்றாய் நகர்த்தினான்.
முப்பத்தெட்டில்
சிக்னல் போய்விட்டது.